கடையில் பாகங்களைப் பொருத்தி விற்கும் மேசைக் கணினியை வாங்கினேன், அது சூடாகிறது. கேஸுக்குள், அதாவது கணினியின் வெளிப்பெட்டிக்குள், காற்றோட்டத்தைக் கூட்டுவது எப்படி?

காற்றோட்டம் என்பது குளிர்ந்த காற்று முன்பக்கம் நுழைந்து, உள்ளிருக்கும் சூட்டை வாங்கிக்கொண்டு பின்பக்கம் வெளியேறுவது. இப்படி விற்கும் கணினிகள் பலவற்றில் பின்னால் ஒரே விசிறி. முன்பக்கமோ கண்ணாடியால் மூடியிருக்கும். காற்று நுழையப் போதிய வழியில்லாததால், திரைக்கான படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கிறது.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சமையலறைச் சன்னலை மட்டும் திறந்தால் காற்று அசையாது. எதிரே வாசல் கதவையும் திறந்துவிட்டால் வீடு முழுக்க ஓடும். கேஸும் அப்படித்தான்.

செலவு செய்யும் முன் தூசியைத் துடைத்துவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி அரைமணி நேரம் விளையாடிப் பாருங்கள். வெப்பம் நன்றாகக் குறைந்தால் குறை காற்று வழியில்தான். சரி, அப்படியானால் முன்பக்கம் 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறி ஒன்றிரண்டு பெரும்பாலும் போதும். சிங்கப்பூரின் மின்னணுப் பொருள் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும். இடத்தை அளந்துகொண்டு போங்கள். மாட்டும்போது கவனம்: விசிறியில் குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் பொதுவாகக் காற்று வெளியேறும். அது கேஸின் உள்நோக்கி இருக்கட்டும்.

விசிறிகளை அடுக்கினால் ஏர்கான் போலக் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அறை 31 டிகிரி என்றால், எத்தனை விசிறி சுழன்றாலும் கணினி அதற்குக் கீழே இறங்காது.