ஆங்கிலத்தில் 'டைம்' என்று வரும் இடத்தில் பிரெஞ்சில் எந்தச் சொல்லைப் போடுவது?

"டைம் என்றால் 'தாங்' என்று மனப்பாடம் செய்தேன். ஆனால் நான் எழுதும் பிரெஞ்சு வாக்கியங்களில் பாதி இடத்தில் அதை அடித்துவிட்டு வேறு சொல் போடுகிறார்கள். இதற்கு விதி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆங்கிலத்தை நடுவில் கொண்டுவராதீர்கள். எழுத வந்ததை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். மணி, நேரம், தடவை, காலம் என்று நாம் தனித்தனியாக வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டது. பிரெஞ்சு கட்டவில்லை. ப்ளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்தவர்கள் பலர் அதை ஆங்கிலம் வழியாகவே படித்ததால்தான் இந்தத் தகராறு வருகிறது என்பது என் எண்ணம்.

நான் ஆங்கிலக் கையேடுகளையும் மென்பொருள் திரைகளையும் பிரெஞ்சுக்கு மாற்றும் வேலையில் இருப்பவன். எனக்கு இந்த வழி நன்றாகவே உதவுகிறது. எங்கே உதவாது என்பதையும் சொல்கிறேன்.

கடிகாரத்தில் பார்ப்பது 'எர்'. கையில் மிச்சம் இருப்பது, போதாமல் போவது, வீணாவது எல்லாம் 'தாங்'. தெருவில் ஒருவரை நிறுத்தி "வூஸாவே லெர்?" என்றால் மணி என்ன என்று கேட்கிறீர்கள். "வூஸாவே லு தாங்?" என்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று அர்த்தம். அவர் மணி சொல்லாமல் "எதற்கு?" என்று பார்ப்பார். (உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை: 'தாங்' என்று எழுதுகிறேனே தவிர, அந்த 'ங்' வாயில் முழுதாக வரக்கூடாது, மூக்கோடு நின்றுவிட வேண்டும். கடைசியில் எழுதப்படும் இரண்டு எழுத்துகளுக்கும் சத்தமே கிடையாது.)

எண்ணக்கூடியது 'ஃபுவா'. முதல் தடவை, போன தடவை, வாரத்துக்கு இரண்டு முறை எல்லாமே இதுதான். பெருக்கல் வாய்ப்பாட்டிலும் இதுவே வரும்; மூன்று மடங்கு பெரியது என்பதற்கும் 'த்ருவா ஃபுவா' போதும். இங்கே 'தாங்' போட்டால் பிரெஞ்சுக்காரருக்குப் புரியவே புரியாது. அவர்கள் குழந்தைக்குக் கதை சொல்ல ஆரம்பிப்பதும் இந்தச் சொல்லை வைத்துத்தான்: "இல் எதே யுன் ஃபுவா". நம் 'ஒரு ஊரிலே ஒரு ராஜா' இருக்கிற இடத்தில் அவர்களுக்கு 'ஒரு தடவை'.

அந்தக் காலத்தில், எங்கள் தாத்தா காலத்தில் என்று வந்தால் பெரும்பாலும் 'எபோக்'. "ஆ லெபோக்" என்றால் 'அப்போதெல்லாம்'. 'தாங்' இங்கேயும் சில சமயம் ஒட்டும், ஆனால் கொஞ்சம் ஏக்கத்தோடு ஒட்டும். 'அந்த நல்ல காலம்' என்று பெருமூச்சு விடுகிறவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.

நம் 'காலம்' பிரெஞ்சு 'தாங்'குக்கு ஆங்கிலத்தைவிட நெருங்கிய சொந்தம். இறந்தகாலம், எதிர்காலம் என்று இலக்கணத்தில் சொல்கிறோமே, அதற்கு அவர்களும் 'தாங்' என்பார்கள். மழைக்காலம், காலநிலை என்று வானிலைப் பக்கமும் நம் சொல் போகிறது. அவர்களும் "கெல் தாங் ஃபெதில்?" என்றால் வெயிலா மழையா என்றுதான் கேட்கிறார்கள். வசந்தத்தின் பெயரான 'ப்ரேங்தாங்'கின் வாலிலும் அதே சொல் இருக்கிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் வானிலைக்கு ஏன் இந்தச் சொல் என்று விழிப்பார்கள். நமக்கு அதில் அதிசயமே இல்லை.

சரி, இனி தமிழ் காப்பாற்றாத இடங்கள்.

'சரியான நேரத்துக்கு வந்தது' என்று நாம் ஒரே மாதிரி சொல்வதைப் பிரெஞ்சு இரண்டாகப் பிரிக்கும். அட்டவணைப்படி ரயில் வந்தால் 'ஆ லெர்'. உயிர் போவதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் 'ஆ தாங்'. முதலாவதில் கடிகாரம் இருக்கிறது, இரண்டாவதில் 'நல்ல வேளை' இருக்கிறது. ரயில் அட்டவணைப்படியே வந்தும் நீங்கள் ஓடிப்போய்க் கதவு மூடுவதற்கு முன் ஏறினால், ரயில் 'ஆ லெர்', நீங்கள் 'ஆ தாங்'.

அடுத்தது 'த்ருவா எர்'. மூன்று மணிக்கும் மூன்று மணி நேரத்துக்கும் ஒரே சொல். நாம் 'நேரம்' சேர்த்துப் பிரிக்கிறோம். அவர்கள் முன்னால் வரும் சிறு சொல்லை நம்பியிருக்கிறார்கள். 'ஆ த்ருவா எர்' மூன்று மணிக்கு. 'தாங் த்ருவா எர்' இன்னும் மூன்று மணி நேரத்தில். (இந்தத் 'தாங்' வேறு சொல். எழுத்தும் வேறு, முதல் ஒலியும் வேறு: நேரத்துக்கான 'தாங்'கில் ஆங்கில t, இதில் d. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. நான் என்ன செய்ய!)

இதைவிட வேடிக்கை 'தூ தா லெர்'. கொஞ்ச நேரம் முன்பு என்றும் பொருள், கொஞ்ச நேரம் கழித்து என்றும் பொருள். வினைச்சொல் எந்தக் காலத்தில் இருக்கிறது என்று பார்த்தால்தான் தெரியும். பிரியும்போது "ஆ தூ தா லெர்" என்று சொன்னால் கவலை வேண்டாம், அது எப்போதும் 'அப்புறம் பார்க்கலாம்'தான்.

'நல்லா டைம் போச்சு' என்பதற்கு 'தாங்'கையும் 'எர்'ரையும் விட்டுவிடுங்கள். "நன்றாக மகிழ்ந்தோம்" என்ற பொருளில் 'சாம்யூசே' என்ற வினையைப் போடலாம், அல்லது ஒரு நல்ல 'மோமாங்' கழித்தோம் என்று எழுதலாம். 'நேரம் சரியில்லை' என்று ஜாதகத்தை நினைத்து நொந்துகொள்வதற்கு அவர்களிடம் 'தாங்' உதவாது. இன்று என் நாள் இல்லை என்பார்கள்.

கால்பந்து பார்க்கிறவராக இருந்தால் ஒரே ஆட்டத்தில் பாதிப் பாடம் முடிந்துவிடும். 2022 டிசம்பர் 18, கத்தார் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 'மி-தாங்'கில், அதாவது இடைவேளையில், அர்ஜென்டினா 2-0. பிரான்சின் எம்பாப்பே அடித்த இரண்டு கோலால் 90 நிமிடத்தில் 2-2. ஆங்கிலத்தில் அடுத்து வருவது 'எக்ஸ்ட்ரா டைம்'. பிரெஞ்சில் அதில் 'டைம்' கிடையாது. நீட்டிப்பு என்ற பொருளில் 'ப்ரொலோங்காசியோங்' என்பார்கள். அதிலும் 3-3, பெனால்ட்டியில் பிரான்ஸ் 4-2 என்று தோற்றது. 'மி-தாங்' மட்டும் கொஞ்சம் கவனம்: 'லா' போட்டால் ஆட்டத்தின் இடைவேளை, ஆண்பாலாக 'அங்' போட்டால் அரைநேர வேலை.

என் வேலையில் உண்மையிலேயே தலைவலி தருவது வாக்கியங்கள் அல்ல. முழு வாக்கியம் கொடுத்தால் இப்போது இயந்திர மொழிபெயர்ப்பே பெரும்பாலும் சரியாகச் செய்துவிடுகிறது. மென்பொருள் திரையில் தனியாக, முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல் 'டைம்' என்று ஒரு பெட்டி வரும். கூட்டம் எத்தனை மணிக்கு என்றால் 'எர்'. எவ்வளவு நேரம் ஓடும் என்றால் 'த்யுரே'. கடை திறந்து மூடும் நேரங்கள் என்றால் 'ஒரேர்'. பொருள் வந்து சேர ஆகும் நேரம் என்றால் 'தெலே'. பார்த்தால் ஆங்கிலத்தில் தாமதத்தைக் குறிக்கும் சொல் போலத் தெரியும். அப்படி இல்லை, ஒன்றுக்கு அனுமதிக்கப்பட்ட கெடு அது. பிரான்சில் இணையத்தில் வாங்கிய பொருளை வேண்டாம் என்று சொல்ல 14 நாள் தருகிறார்களே, அதுவும் 'தெலே'தான். தாமதத்துக்கு 'ருதார்' என்று தனிச்சொல் உண்டு. வண்டிக் கையேட்டில் 'தாங்' இன்னொரு வேடமும் போடும்: நாம் 'ஃபோர் ஸ்ட்ரோக்' என்கிற இன்ஜின் அங்கே நான்கு 'தாங்' மோட்டார்.

அதனால் அப்படி ஒரு பெட்டி வந்தால் நான் மொழிபெயர்க்கவே மாட்டேன். திரையின் படத்தை அனுப்பச் சொல்வேன், இல்லையென்றால் அந்தப் பெட்டியில் ஒரு உதாரண மதிப்பு கொடுக்கச் சொல்வேன். "14:30" என்று வந்தால் ஒரு சொல், "45 நிமிடம்" என்று வந்தால் இன்னொன்று. பயிற்சிக்கு நீங்களும் இதையே செய்து பாருங்கள்: உங்கள் கைபேசியின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி, கடிகாரம், நாள்காட்டி, அலாரம் மூன்றையும் திறந்து எங்கே எந்தச் சொல் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன், திரும்பித் தமிழுக்கு வரும் அமைப்பு எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.