கொழும்பில் ஓவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு: சித்திர ஆசிரியை பதில் சொல்கிறார்

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ஒரு நாள் மட்டும்தான் கொழும்பில் நிற்பேன். எங்கே தொடங்கலாம்?

காலி வீதியில், கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் கட்டடத்துக்குள் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் இருக்கிறது. 2019 டிசம்பரில் ஆரம்பித்தது. கட்டணம் இல்லை. குறிப்புகள் தமிழிலும் இருக்கும். எங்கள் மொழியில் வாசித்துவிட்டு ஒரு படைப்பின் முன்னால் நிற்பது தனி நிம்மதி, தம்பி. போகுமுன் திறந்திருக்கும் நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்லூரிலிருந்து ஒரு தங்கச்சி: நவீன ஓவியம் எனக்கு விளங்குவதே இல்லை. முன்னால் நின்று என்ன செய்வது?

அர்த்தத்தைத் தேடாமல், அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊர் ஓவியர் தா. சனாதனன் 2011இல் செய்த தோம்புப் படைப்பை எடுத்துக்கொள்வோம். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து கீறிக் கொடுத்தார்கள். அதை ஒரு கட்டடக் கலைஞர் அளவுப் படமாக்கினார். பிறகு சனாதனன் அந்த வீட்டுக்குத் தன் ஓவியத்தைக் கீறினார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். வீட்டுக்காரர் எந்த அறையைப் பெரிதாகக் கீறியிருக்கிறார்? கிணற்றடி எங்கே? அளவுப் படத்தில் எது காணாமல் போனது? எங்கள் வீட்டு முற்றத்தை நான் ஒருநாள் அப்படிக் கீறிப் பார்த்தேன். மாமரம் வந்தது, படலை எந்தப் பக்கம் திறந்தது என்று நினைவு வரவில்லை. அன்றைக்குத்தான் அந்தப் படைப்பு எனக்குள் இறங்கியது. நீங்களும் கீறிப் பாருங்கள்.

சாவகச்சேரியிலிருந்து ஓர் அம்மா: முழங்கால் நோ. நடந்து பார்க்க முடியுமா பிள்ளை?

முடியும் அம்மா, வெயிலுக்கு விலகி நடந்தால் சரி. காலையில் காலிமுகத்திடல், மத்தியானம் அருங்காட்சியகத்துக்குள். பின்னேரம் ஆட்டோவில் ஆனந்த குமாரசாமி மாவத்தைக்குப் போங்கள். மர நிழலில் ஓவியர்கள் தங்கள் படங்களை வீதியோரமாகவே வைத்து விற்பார்கள். நின்று கதைக்கலாம், அவர்களுக்கும் சந்தோஷம். கலை வரலாறு எழுதிய குமாரசாமியின் பெயரில் உள்ள வீதியில் இப்படி நடப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். களைத்தால் விகாரமகாதேவி பூங்கா பக்கத்திலேயே. தெம்பிருந்தால் கில்ட்போர்ட் கிரெசென்ட்டில் உள்ள லயனல் வென்ட் அரங்கில் என்ன கண்காட்சி என்று எட்டிப் பாருங்கள்.

பருத்தித்துறையிலிருந்து ஒருவர்: பழைய நவீன ஓவியர்களை எங்கே பார்க்கலாம்?

பார்ன்ஸ் பிளேஸ், சபுமல் நிறுவனம். 1943இல் தொடங்கிய 43 குழு என்ற நவீன ஓவியர் குழுவைச் சேர்ந்த ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. பெரிய மண்டபத்தில் பார்ப்பது வேறு, ஒருவர் குடியிருந்த வீட்டுச் சுவரில் பார்ப்பது வேறு.

கோண்டாவிலிலிருந்து ஒரு தகப்பன்: படம் எடுக்கலாமா? எட்டு வயது மகளையும் கூட்டிப் போகலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள், பிளாஷ் வேண்டாம். மகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஒரு சின்னக் கொப்பியும் பென்சிலும் கொடுத்து, அவளுக்குப் பிடித்த ஒன்றின் முன்னால் இருந்து கீற விடுங்கள். அவள் முடிக்கும்வரை அவசரப்படுத்த வேண்டாம்.