விண்டோஸ் 11-க்கு மாறுமுன் கணினியில் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

கேள்வி: விண்டோஸ் 10 உள்ள என் கணினியை விண்டோஸ் 11-க்கு மாற்ற விரும்புகிறேன். ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் செயலி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று காட்டுகிறது. புதிய கணினி வாங்கத்தான் வேண்டுமா? என் பழைய ஸ்கேனரும் கணக்கு மென்பொருளும் தொடர்ந்து இயங்குமா?

பதில்: விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், மாற நினைப்பது சரியே. ஆனால் டிபிஎம் பற்றிய அந்த ஒரு வரியை வைத்துக் கணினியையே மாற்ற முடிவு செய்யாதீர்கள். பல கணினிகளில் இந்தப் பாதுகாப்பு வசதி ஏற்கெனவே இருக்கும். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் அணைக்கப்பட்டிருப்பதால்தான் செயலியின் கண்ணில் படுவதில்லை. இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும், ஏஎம்டி கணினிகளில் எஃப்டிபிஎம் என்றும் அது குறிக்கப்பட்டிருக்கும்.

மாற்ற இயலாத தடை பெரும்பாலும் பிராசசர்தான். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ, ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தையதோ தேவை. உங்கள் பிராசசரின் முழுப் பெயரைக் குறித்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள பட்டியலில் அது உள்ளதா என்று பாருங்கள். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம் என்பவை குறைந்தபட்ச அளவுகள் மட்டுமே. கணக்கு வேலையைத் தடங்கலின்றிச் செய்ய 8 ஜிபி ரேமாவது வேண்டும் என்பது என் கருத்து.

பயாஸில் கை வைப்பதற்கு முன் இரண்டு செய்திகளில் கவனம் தேவை. வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புக் குறியீட்டை முதலில் தாளில் எழுதி வையுங்கள். டிபிஎம் அமைப்பை மாற்றியபின் கணினி அதைக் கேட்கக்கூடும், அது கைவசம் இல்லாவிட்டால் வட்டில் உள்ள கோப்புகளைத் திறக்கவே முடியாது. அடுத்து, வட்டு பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், அதை ஜிபிடி முறைக்கு மாற்றாமல் விண்டோஸ் 11-க்குத் தேவையான யூஇஎஃப்ஐ என்ற புதிய தொடக்க முறைக்குத் தாவினால், இப்போதுள்ள விண்டோஸ்கூடத் தொடங்காது.

உங்கள் ஸ்கேனரைப் பற்றி ஹெல்த் செக் செயலி எதுவும் சொல்லாது. அது கணினியை மட்டுமே சோதிக்கிறது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பு கிடையாது என்பதால், இப்போது நீங்கள் 32 பிட் விண்டோஸ் 10 பயன்படுத்தினால் அதில் ஸ்கேனர் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் புதியதில் இயங்கா. தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில், ஸ்கேனரின் துல்லியமான மாடல் எண்ணுக்கு 64 பிட் டிரைவர் உள்ளதா என்று தேடுங்கள். கணக்கு மென்பொருள் 32 பிட் ஆக இருப்பது பெரும்பாலும் தடையாகாது. 16 பிட் காலத்து மென்பொருள் என்றால் இயங்காது. உரிமத்துக்காக யூஎஸ்பி டாங்கிள் என்ற சிறு கருவியைச் செருகுபவராக இருந்தால், அந்த டாங்கிளுக்கும் தனியே டிரைவர் வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மாறியபின் பழைய பதிப்புக்குத் திரும்ப வழக்கமாக 10 நாள் அவகாசம் உண்டு. ஆகவே ஸ்கேனரையும் கணக்கு மென்பொருளையும் முதல் நாளே இயக்கிப் பாருங்கள். அந்த வசதியை மட்டும் நம்பாமல், கணக்குக் கோப்புகளை வெளி வட்டில் முன்கூட்டியே நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே மாற்றத்தைத் தொடங்குங்கள்.