வாசகர் கேள்வி: தோத்துட்டே இருக்கோம்... கோச்சை மாத்தலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சு. வீட்டுல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு சின்ன ஃபுட்பால் கிளப் இருக்கு, ஏழாவது டிவிஷன். சீசன் டிக்கெட் எடுத்து பையனோட போயிட்டு இருக்கேன். இந்த வருஷம் 19 மேட்ச்ல மூணுதான் ஜெயிச்சிருக்கோம், கடைசிக்கு முந்தின இடம். மேனேஜர் (இங்க தலைமைக் கோச்சை அப்படித்தான் சொல்வாங்க), அசிஸ்டன்ட், கோல்கீப்பர் கோச் மூணு பேரையும் மொத்தமா அனுப்புங்கன்னு கிரவுண்டுல ஒரே சத்தம். கமிட்டி ரசிகர்கள் கருத்தைக் கேக்குது. நான் என்ன சொல்லட்டும்?
(ஒரு வாசகர், தென் இங்கிலாந்து)

பதில்: தம்பி, மூணு பேரையும் ஒரே நாள்ல அனுப்பாதீங்கன்னு சொல்லுங்க. ஏன்னு சொல்றேன்.

மத்த வாசகர்களுக்கு முதல்ல ஒரு விஷயம். பிரீமியர் லீக்ல இருந்து லீக் டூ வரைக்கும் நாலு டிவிஷன், 92 கிளப், அதுக்குக் கீழ இருக்கிறது எல்லாமே நான்-லீக்தான். இந்தத் தம்பி சொல்ற ஏழாவது டிவிஷன்ல ஆடுறவங்க பெரும்பாலும் பகல்ல வேற வேலை பாக்குறவங்க, எலக்ட்ரீஷியன், ஸ்கூல் பி.டி. மாஸ்டர், வேன் டிரைவர்னு. வாரத்துல ரெண்டு ராத்திரி ட்ரெய்னிங், சனிக்கிழமை மேட்ச், அவ்ளோதான். டிவில பாக்குற பெரிய கிளப் கணக்கை இங்க போட்டா தப்பா போயிடும்.

முக்கியமான விஷயம், இந்த லெவல்ல நிறைய பிளேயருக்கு கான்ட்ராக்ட்டே கிடையாது. இன்னொரு கிளப் ஏழு நாள் நோட்டீஸ் குடுத்துட்டுப் பேசி கூட்டிட்டுப் போயிடலாம். அவங்க உங்க கிளப்புக்கு வந்ததே அந்த மேனேஜர் போன் போட்டு "வாடா, ஆடலாம்"னு கூப்பிட்டதாலதான், அதனால அவர் போனா அஞ்சாறு பேர் பின்னாடியே கிளம்பிடுவாங்க. புதுசா வர்றவர் பாதி டீமைத் தேடணும், பட்ஜெட் மட்டும் அதேதான். சீசன் நடுவுல அது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

மாத்துனா நல்லதே நடக்காதான்னு கேட்டா, நடக்கும். லூட்டன் டவுன்னு ஒரு கிளப், 30 பாயின்ட் கழிக்கப்பட்டு 2009ல நான்-லீக்ல விழுந்துச்சு, அஞ்சு சீசன் அங்கேயே கிடந்து மேனேஜர் மேல மேனேஜரா மாத்துனாங்க. 2013 பிப்ரவரில ஜான் ஸ்டில் வந்தார், அடுத்த சீசன்லயே 101 பாயின்ட்டோட சாம்பியன். ஆனா அவர் யாரு? அதுக்கு முன்னாடியே மெய்ட்ஸ்டோனையும் டேகன்ஹாம் அண்ட் ரெட்பிரிட்ஜையும் அதே டிவிஷன்ல இருந்து மேல ஏத்தினவர், அந்த லெவலோட மண்வாசனை தெரிஞ்சவர். அப்படி ஒருத்தர் கைல ரெடியா இருக்காரான்னு கமிட்டியைக் கேளுங்க. இல்லைன்னா சும்மா நாற்காலியை காலி பண்ணி என்ன பிரயோஜனம்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை மெய்ட்ஸ்டோன் யுனைடெட்தான். 2023 ஜனவரில அஞ்சாவது டிவிஷன்ல தத்தளிச்சப்ப மேனேஜரை மாத்தி ஜார்ஜ் எலோகோபி கையில குடுத்தாங்க. அவராலயும் காப்பாத்த முடியல, கடைசி இடத்துல முடிச்சு கீழ இறங்கிட்டாங்க. ஆனா கிளப் அவரை அனுப்பல, அதுதான் பெரிய விஷயம். அடுத்த ஜனவரில ஆறாவது டிவிஷன் டீமா போய் எஃப்ஏ கப்ல (எல்லா டிவிஷன் கிளப்பும் மோதுற நாக்-அவுட் போட்டி) ரெண்டாவது டிவிஷன்ல இருந்த இப்ஸ்விச்சை 2-1னு அடிச்சாங்க, ஆறாவது டிவிஷன் டீம் ஒண்ணு அஞ்சாவது ரவுண்டுக்குப் போனது 1978க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. இன்னிக்கு நினைச்சாலும் எனக்கு சிலிர்க்குது.

டச்சு லீக்ல 1986ல இருந்து 2004 வரைக்கும் நடந்த மேனேஜர் மாற்றத்தை ஒரு பொருளாதார ஆய்வாளர் எடுத்துப் பார்த்தார். ஆளை மாத்துனதும் டீம் கொஞ்சம் எழுந்திருக்கு, சரி, ஆனா அதே மாதிரி சரிஞ்சும் மாத்தாத டீமும் அதே அளவுக்கு எழுந்திருக்கு. அது டாப் டிவிஷன் கணக்குதான், இருந்தாலும் "மாத்துனோம், ஜெயிச்சோம்"னு யாராவது சொன்னா இதை மனசுல வெச்சுக்கோங்க.

நான் இங்கிலாந்துல இருந்த வருஷங்கள்ல ஒரு சின்ன கிளப்போட ட்ரெய்னிங் பாக்கப் போவேன். ஒரு நவம்பர் செவ்வாய்க்கிழமை ராத்திரி, சாரல் மழை, ஒரு பக்க லைட்டு மட்டும் எரியுது, மேனேஜரே கார் டிக்கியில இருந்து கோனும் பந்து மூட்டையும் இறக்கி வெக்கிறார். டேபிள்ல கடைசி இடம், தொடர்ந்து ஆறு தோல்வி. ஆனா 18 பேர்ல 16 பேர் வந்திருந்தாங்க, ஒருத்தன் கையில பெயின்ட்டு கூட காயல, நேரா சைட்ல இருந்து வந்திருக்கான். அந்த மேனேஜரை எப்படி அனுப்புறது?

அதனால தம்பி, டேபிளைப் பாக்குறதுக்கு முன்னாடி ட்ரெய்னிங்ல தலைய எண்ணுங்க. 15, 16 பேர் வர்றாங்கன்னா மேனேஜர் இருக்கட்டும். வாங்குற கோல்ல பாதி கார்னர்லயும் ஃப்ரீ கிக்லயும் போகுதுன்னா, டிஃபென்ஸ் தெரிஞ்ச வயசான பிளேயர் ஒருத்தரை கூடுதல் கோச்சா சேர்த்துக்கச் சொல்லுங்க, அதுக்கு செலவும் கம்மி. எட்டு பேர்தான் வர்றாங்க, வந்தவங்களும் போனை நோண்டிட்டு நிக்கிறாங்கன்னா பிளேயருங்களே அவரை விட்டுட்டாங்கன்னு அர்த்தம். அப்ப இழுக்காம இப்பவே மாத்தணும், பிப்ரவரி, மார்ச்ல மாத்தினா புது ஆளுக்கு டீம் சேர்க்க நேரமே இருக்காது. மாத்துனா அடுத்த சீசனும் அவருக்குத்தான்னு கமிட்டி வாய்விட்டு சொல்லணும், டிவிஷன் இறங்குனாலும் சரி.

மீட்டிங்குக்கு முன்னாடி இந்த செவ்வாய்க்கிழமை பையனைக் கூட்டிட்டு ட்ரெய்னிங் பாத்துட்டு வாங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு எனக்கு எழுதுங்க.