கனப்பது வேறு, சிக்குவது வேறு: குடும்ப ஜீப்களின் ஸ்டியரிங் பற்றிய கேள்வி பதில்

திருகோணமலையில் நீண்ட காலமாக கராஜ் வைத்திருப்பவன் என்ற முறையில், ஜீப் வகை வாகனங்களின் ஸ்டியரிங் தொடர்பாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலர் "ஸ்டியரிங் பழுது" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். கனத்துப் போவது, சிக்குவது, ஒரு பக்கம் இழுப்பது, ஆட்டம் கொடுப்பது ஆகிய நான்கும் வெவ்வேறு பழுதுகள். எது என்று சரியாகச் சொல்லத் தெரிந்தால் தேவையற்ற பாகத்துக்குக் காசு கொடுக்க வேண்டி வராது.

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை: ஐயா, சந்தையடியில் வாகனத்தைத் திருப்பும்போது ஸ்டியரிங் திடீரென்று கல்லுப்போல் கனத்தது, மஞ்சள் விளக்கும் எரிந்தது. நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது. பிள்ளைகளை இதில் ஏற்றிச் செல்லலாமா?

ரீச்சர், பார்த்துத் திருத்தும் வரை ஏற்ற வேண்டாம். உங்களுடையது மின்சார பவர் ஸ்டியரிங். உங்கள் கைக்கு உதவியாக ஒரு மோட்டர் தள்ளிக்கொடுக்கிறது. அது நின்றாலும் ஸ்டியரிங்குக்கும் சில்லுகளுக்கும் இடையிலுள்ள இரும்புத் தண்டு அப்படியே இருப்பதால், பலத்தோடு திருப்பினால் வாகனம் திரும்பவே செய்யும். ஆனால் மெதுவாகப் போகும்போதுதான் அந்தப் பலம் மிக அதிகமாகத் தேவைப்படும் என்பதால், சந்தையடி போன்ற நெரிசலில் அது ஆபத்துத்தான்.

மறுபடி ஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிட்டது என்றால், முதலில் பற்றரியைப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். திருப்பும் நேரத்தில் அந்த மோட்டர் பெருமளவு மின்னை இழுக்கும். வோல்ட் விழுந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியை நிறுத்திவிடும். அடுத்து, பற்றரியிலிருந்து வாகனத்தின் இரும்பு உடலுக்குப் போகும் ஏர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நம்முடைய கடற்காற்றில் அந்த இடத்தில் பச்சையாகப் பூத்துப் போயிருப்பதை அடிக்கடி காண்கிறேன். முழு ஸ்டியரிங் கொலத்தையும், அதாவது ஸ்டியரிங்கைத் தாங்கும் தண்டுத் தொகுதியையும், மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டு என்னிடம் வந்த ஒரு வாகனத்தில், அந்தப் போல்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கியதோடு குறை தீர்ந்தது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: கந்தளாயிலிருந்து ஹபரணை நோக்கிய நேர்ப்பாதையில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் நடுவில் ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. சற்றுத் திருப்ப முயன்றால் அசையாமல் நின்று, பின்னர் அளவுக்கு மீறித் திரும்புகிறது. விளக்கு எதுவும் எரியவில்லை. ஸ்கேன் செய்தும் ஒன்றும் வரவில்லை.

தம்பி, இந்தக் கேள்வியைத்தான் நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் இதே குறையைச் சொன்ன எத்தனையோ பேர் "உங்கள் மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். ஸ்கேன் இயந்திரம் மின் கோளாற்றை மட்டுமே அறியும். பல்லுக்குப் பல் உராய்வதை அது அறியாது. 2024 ஒக்டோபரில் ஹொண்டா நிறுவனம் அமெரிக்காவில் ஏறத்தாழ 17 இலட்சம் வாகனங்களை இதே குறைக்காக மீள அழைத்தது. சிவிக், சி.ஆர்.வி, எச்.ஆர்.வி ஆகியவற்றின் அண்மைய மொடல்கள் அதில் அடங்கின. ஸ்டியரிங் கியர்ப்பெட்டியில் மோட்டரின் சுழற்சியைக் கடத்தும் புழுச்சக்கரம் சரியாக வார்க்கப்படாததால் பாவனையில் விரிந்து, கிறீஸ் படலம் குறைந்து, அதை அழுத்தும் ஸ்பிரிங்கும் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்ததால் உராய்வு கூடியது. பரிகாரமாக அந்த ஸ்பிரிங்கை மாற்றி, புதிய கிறீஸ் இட்டார்கள். ஓட்டியவர்களின் கைகள் உணர்ந்தது உண்மையென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

உங்கள் வாகனமும் அந்தப் பெயருடையதாக இருந்தாலும், அதே குறைதான் என்று முடிவுகட்ட வேண்டாம். அமெரிக்காவுக்குச் செய்ததும் ஜப்பானுக்குச் செய்ததும் ஒன்றல்ல. ஜப்பானில் பாவித்து இறக்கப்பட்ட வாகனமானால், அதன் சேஸி எண்ணை உற்பத்தியாளரின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டு, மீள அழைப்பு நிலுவையில் உள்ளதா என்று பார்க்கலாம்.

உப்புவெளியிலிருந்து ஒருவர்: புதிய வாகனம். சில இடங்களில் ஸ்டியரிங் தானாகவே மறுபக்கம் இழுக்கிறது.

வீதிக் கோட்டைப் பார்த்துத் திருத்தும் வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். அதை நிறுத்திவிட்டு அதே வீதியில் மீண்டும் ஓடுங்கள். அப்போதும் இழுத்தால் மட்டும் டயர்க் காற்றையும் அலைன்மென்டையும் பார்க்கலாம்.

நிலாவெளியிலிருந்து ஒருவர்: அண்ணை, ஸ்டியரிங்கை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினால் இரண்டு இடத்தில் இறுகி, இரண்டு இடத்தில் இளகுகிறது. ரக்கை, அதாவது ஸ்டியரிங்கின் சுழற்சியைச் சில்லுகளுக்குக் கடத்தும் பல்தண்டை, மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்ற வேண்டாம், பொறுங்கள். ஒரு சுற்றுக்குச் சரியாக இரண்டு முறை இறுகினால், பெரும்பாலும் ஸ்டியரிங் தண்டுக்கு நடுவிலுள்ள சிலுவை மூட்டு துருப்பிடித்திருக்கும். கரையில் படகு இழுக்கப் பாவித்த ஒரு ஜீப்பில் அந்த மூட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு திசையில் விரலால் தொட்டாலே மடிந்தது. மறு திசையில் இரண்டு கையாலும் அழுத்தியும் அசையவில்லை. இடுக்கிலிருந்து செங்கல் தூள்போலத் துரு கொட்டியது. ரக்கின் விலையோடு பார்க்கும்போது அந்தத் தண்டின் விலை சிறியது. கடற்கரையில் ஓடிய அன்றே அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுங்கள். ரக்கின் இரு முனைகளிலும் உள்ள றப்பர் உறை கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: பழைய டீசல் ஜீப். காலையில் திருப்பும்போது முனகல் சத்தம்.

உங்களுடையது ஒயில் அழுத்தத்தால் உதவும் பவர் ஸ்டியரிங்காக இருக்கும். அந்த ஒயில் குறைந்திருக்கும், அல்லது அதற்குள் காற்றுப் புகுந்து நுரைத்திருக்கும். கைநூலில் குறிப்பிட்ட வகை ஒயிலையே ஊற்றுங்கள். மாரி வெள்ளத்தில் ஓடிய பிறகு மட்டும் கனத்தால், அந்த ஒயில் பம்பைச் சுற்றும் பெல்ட் வழுக்குகிறது.

மூதூரிலிருந்து ஒரு தாய்: ஸ்டியரிங் குறைக்காக விற்ற இடத்துக்கு மூன்று முறை கொண்டுபோய்விட்டோம். ஒவ்வொரு முறையும் "இது இயல்பு" என்கிறார்கள். கடன் எடுத்து வாங்கிய வாகனம், ஐயா. யாரிடம் போய்ச் சொல்வது?

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. பிள்ளைகளைப் பின்னால் இருத்தி ஓட்டுகிற ஒருவர் பயமாக இருக்கிறது என்று சொல்லும்போது, அதே வாகனத்தை எடுத்துக்கொண்டு அவரோடு அதே வீதியில் ஒருமுறை ஓடிப் பார்ப்பதுதான் தொழில் தெரிந்தவன் செய்ய வேண்டிய முதல் வேலை. இனிமேல் வாயால் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுக்காதீர்கள். வேலை அட்டையில் உங்கள் முறைப்பாட்டை உங்கள் சொற்களிலேயே, எத்தனை கிலோமீற்றர் வேகத்தில், எந்தப் பக்கம் திருப்பும்போது, எஞ்சின் சூடான பிறகா முன்பா என்று எழுதச் செய்து பிரதி வாங்குங்கள். "இயல்பு" என்றால் அதையும் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அருகில் இருப்பவரைக் கொண்டு காணொளியும் எடுத்து வையுங்கள். அதன் பின்னரும் தீர்வில்லையெனில், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்தில் அழைத்தும் விபரம் பெறலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால், இன்னொரு முறை அவர்களிடம் போகக் காத்திருந்து காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள்.

சீனக்குடாவிலிருந்து ஒருவர்: பாவித்த ரக் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. போடலாமா?

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது; அதனால் நம் குடும்பங்கள் பழைய வாகனங்களையே இழுத்து ஓட்ட வேண்டியிருந்தது, பாவித்த பாகம் இல்லாமல் காலம் தள்ளவும் முடியவில்லை. ஆகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். பாக இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்; ரக்கைக் கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை திருப்பும்போது எங்கும் சிக்கக் கூடாது. போட்ட பின் அலைன்மென்டும், ஸ்டியரிங் கோண சென்சரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும் வேலையும் கட்டாயம். விபத்தில் அடிபட்ட ரக்கை நேராக்கியோ வெல்டிங் செய்தோ தந்தால் இலவசமாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு மாணவர்: ஓடும்போதே ஸ்டியரிங் திடீரென்று கனத்தால் என்ன செய்வது?

தம்பி, எஞ்சினை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவியும் சிறிது நேரத்தில் போய்விடும். திறப்புப் போடும் வாகனமானால், திறப்பை முழுவதும் திருப்பி இழுத்தால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்து, நான்கு சிக்னல் விளக்குகளையும் போட்டு, பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி இடப்பக்கம் ஒதுங்குங்கள். கனத்த ஸ்டியரிங் வலுவோடு இழுத்தால் திரும்பும். ஆனால் ஸ்டியரிங் சுற்றியும் சில்லு திரும்பவில்லை என்றால் எங்கோ ஒரு மூட்டு கழன்றுவிட்டது. அந்த வாகனத்தை நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட ஓட்டாமல், தூக்கி ஏற்றிச் செல்லும் லொறியை அழையுங்கள்.