குளிரில் அடித்த எமல்ஷன் ஏன் மாவாக உதிர்கிறது?

கேள்வி: கொடைக்கானல் வீட்டின் வெளிச்சுவருக்கு டிசம்பரில் எமல்ஷன் அடித்தோம். மதுரை வீட்டுக்கு அடித்த அதே பெயிண்ட்தான். அங்கே நன்றாக இருக்கிறது. இங்கே தடவினால் கையில் மாவாக ஒட்டுகிறது. போலி பெயிண்டா? மேலேயே இன்னொரு கோட் அடிக்கலாமா?

பதில்: பெயிண்டைச் சந்தேகப்படுவதற்கு முன், கடைசி கோட் எத்தனை மணிக்கு அடித்தார்கள் என்று விசாரியுங்கள். மாலை நான்கு, ஐந்து மணி என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

எமல்ஷனில் அக்ரிலிக் போன்ற பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆன பிளாஸ்டிக் வகைப் பொருள், நுண்ணிய உருண்டைகளாகத் தண்ணீரில் மிதக்கிறது. ஓர் உருண்டையின் விட்டம் 0.1 முதல் 0.2 மைக்ரான் வரை இருக்கும். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் சுமார் 500 உருண்டைகளை வரிசையாக வைத்துவிடலாம். தொழிற்சாலையில், சோப்பு போன்ற பொருள் கலந்த நீருக்குள்ளேயே இந்தப் பாலிமர் வளர்கிறது. நீரோடு சேராத பொருள் என்பதால் தன் பரப்பை முடிந்தவரை சுருக்கிக்கொள்ளும். அதனால்தான் கோள வடிவம்.

சுவரில் ஏறிய பிறகு அந்த வடிவம் உடைய வேண்டும். நீர் ஆவியாக ஆக உருண்டைகள் நெருங்கி அடுக்காகின்றன. ஒரே அளவு உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் 26 சதவீதம் இடைவெளி மிஞ்சும். அந்த இடுக்குகளில் தங்கிய கடைசி நீர், வெளியேறும்போது தந்துகி விசையால் (குறுகிய இடுக்கில் உள்ள நீர் பக்கச் சுவர்களை இழுக்கும் விசை) உருண்டைகளை ஒன்றோடொன்று பலமாக இழுக்கும். பாலிமர் இளகியிருந்தால், ஒவ்வோர் உருண்டையும் தன்னைச் சூழ்ந்த 12 உருண்டைகள் மேல் அழுந்தி, 12 சாய்சதுர முகங்கள் கொண்ட வடிவமாகிவிடும். இடைவெளியே இருக்காது. அப்புறம் பாலிமர் சங்கிலிகள் எல்லை தாண்டி அடுத்த உருண்டைக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். சுவரைக் கழுவினாலும் பெயிண்ட் போகாமல் இருப்பது இந்தப் பின்னலால்தான்.

குளிரில் பாலிமர் விறைத்துவிட்டால் இது நடக்காது. ஆறிப்போன பூந்தியில் லட்டு பிடிப்பது மாதிரிதான்: நீர் போய்விடும், உருண்டைகள் அப்படியே நிற்கும், தேய்த்தால் உதிரும். பல டப்பாக்களில் 10 டிகிரிக்குக் கீழே அடிக்காதீர்கள் என்று போட்டிருப்பார்கள். கொடைக்கானலின் டிசம்பர் இரவுகள் அதற்கும் கீழே போவது சாதாரணம். வெயில் இறங்கியதும் சுவர் காற்றைவிடச் சில்லிட்டுவிடும். நீர் ஆவியாவதும் அதை மேலும் குளிரவைக்கும். பெயிண்டர் தண்ணீரை அதிகம் கலந்திருந்தால் காய்வது தாமதமாகி, இரவுக் குளிரில் வசமாக மாட்டியிருக்கும். மதுரையில் இந்தத் தொல்லையே கிடையாது.

வெயில் காலம் வந்தால் தானாகச் சரியாகுமா என்றால், முழுதாக ஆகாது. இழுத்துச் சேர்க்கும் நீர் போய்விட்டது. பாலிமரை இளக்குவதற்காகச் சேர்க்கும், மெதுவாக ஆவியாகும் கரைப்பானும் போயிருக்கும்.

ஆகவே மேலேயே அடிக்காதீர்கள். புது கோட் நன்றாகப் பிடித்தாலும் அது நிற்பது உதிரும் மாவின் மேல்தான். முதலில் மாவின் நிறத்தைப் பாருங்கள். பெயிண்டின் நிறமே என்றால் நான் சொன்ன கோளாறு. பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உப்பு. சுவரில் ஈரம் ஏறுகிறது, அதை அடைக்காமல் எந்தப் பெயிண்டும் நிற்காது.

முதல் வகை என்றால், கெட்டியான பரப்பு வரும்வரை உப்புத்தாளால் தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். முடிந்தால் மார்ச் வரை பொறுங்கள். முடியாவிட்டால் பனி ஈரம் காய்ந்தபின், காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பொழுது சாய்வதற்குள் காய நேரம் வேண்டும். காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்தால் போதாது, சுவரைத் தொடாமல் அளக்கும் வெப்பமானியால் சுவரையே அளந்து பாருங்கள். உள்ளறைகளுக்கும் இதே விதிதான். ஆனால் அறையைச் சூடாக்கக் கதவைச் சாத்திக் கரி அடுப்பு மூட்ட யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறித்துவிடும்.