தனி ஆளாக ஒரு சின்னத் தொழிலுக்கு மட்டும் சாஃப்ட்வேர் செய்து விற்றுப் பிழைக்க முடியுமா?

ஐந்து வருடம் கம்பெனியில் புரோகிராமராக இருந்துவிட்டேன், சொந்தமாக ஒரு பொருள் செய்ய ஆசை, எந்தத் துறையை எடுப்பது, வேலையை எப்போது விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். 2017-இல் இருந்து நான் இதைத்தான் செய்கிறேன். என் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் திருப்பூரில் நிட்டிங் ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் மட்டும்தான். பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கிற கம்பெனி, அனுப்பும் நூலை வாங்கி, மெஷினில் துணியாக ஓட்டி, பார்ட்டி சொல்கிற டையிங்குக்கு (சாயப்பட்டறைக்கு) அனுப்பி, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள். துணி அவர்களுடையது இல்லை, நூலும் அவர்களுடையது இல்லை. அவர்களிடம் இருப்பது மெஷினும் ஆளும் கணக்கும்தான்.

இந்தக் கணக்கு என்னிடம் வந்த கதையைச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். என் மாமா திருப்பூரில் 15 வேலம்பாளையம் என்கிற இடத்துப் பக்கம் ஆறு மெஷின் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடப் போயிருந்தேன். டேபிள் மேல் டிசி (சரக்கோடு அனுப்பும் டெலிவரி சலான்) புத்தகங்களை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, பார்ட்டி என்ற கிட்ட 42 கிலோ நூல் பாக்கி இருக்குதுன்னு சொல்றான். என்ற நோட்டுல 17 கிலோதான் வருது. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுக்கு ஒரு வழி சொல்லு."

அந்த 25 கிலோ எங்கே போனது என்று தேட எங்களுக்கு இரவு பதினொன்றரை ஆனது. அவரிடம் டேலி கணக்கு சாஃப்ட்வேர் இருந்தது. பில் போட, பணக்கணக்குப் பார்க்க அது போதும். ஆனால் அவருடைய சண்டை பணத்தில் இல்லை, கிலோவில் இருந்தது. மூட்டையில் அச்சடித்த எடை ஒன்று, தராசில் வந்த எடை இன்னொன்று. ஓட்டும்போது போகும் கழிவு. லைக்ரா என்கிற இழுவை நூலைச் சேர்த்து ஓட்டினால் துணியின் எடையில் லைக்ராவும் சேர்ந்துவிடும், அதைக் கழித்துவிட்டுத்தான் பருத்தி நூலின் கணக்கைப் பார்க்க வேண்டும். மீதி நூலைத் திருப்பி அனுப்பும்போது பாதி தீர்ந்த கோன்களை, அவற்றில் நூல் சுற்றியிருக்கும் அட்டைக் குழாயோடு நிறுத்துப் போட்டிருந்தார்கள். 25 கிலோவில் பெரும்பங்கு அங்கேதான் இருந்தது. அவர் குழாயோடு கணக்கு வைத்தார், பார்ட்டி குழாயைக் கழித்துவிட்டுக் கணக்கு வைத்தார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அன்று ராத்திரி வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதே முடிவு செய்துவிட்டேன், இதைத்தான் செய்யப் போகிறேன் என்று. ஆகவே எந்தத் துறை என்று கேட்டால், என் பதில் இதுதான்: இரண்டு நேர்மையான ஆட்கள் ஒரே விஷயத்துக்கு இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு மாதாமாதம் சண்டை போடுகிற இடத்தைத் தேடுங்கள். அந்தச் சண்டையைத் தீர்க்கிற ஒரு பக்கத்தை உங்களால் அச்சடித்துக் கொடுக்க முடிந்தால், அதற்குக் காசு கொடுப்பார்கள். அழகான திரை, செல்போன் ஆப் எல்லாம் பிறகு.

இது புதுசும் இல்லை. டேலியே அப்படிப் பிறந்ததுதான். பெங்களூரில் ஷ்யாம் சுந்தர் கோயங்கா தன் தொழிலுக்குக் கணக்கு சாஃப்ட்வேர் தேடி, சரியானது கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவை எழுதச் சொன்னார். 1986-இல் தொடங்கிய கம்பெனி அது. இன்னொரு உதாரணம் பேட்ரிக் மெக்கென்ஸி என்ற அமெரிக்கர். ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டே, 2006-இல் பள்ளி ஆசிரியர்களுக்கு பிங்கோ அட்டை அச்சடித்துத் தரும் ஒரு சின்ன சாஃப்ட்வேரைத் தனியாகச் செய்து விற்றார். பிங்கோ அட்டை! அதற்கும் காசு கொடுக்க ஆள் இருந்தது, ஏனென்றால் ஒரு ஆசிரியைக்கு முந்தின நாள் ராத்திரி முப்பது பிள்ளைகளுக்கு முப்பது விதமாக அட்டை வரைகிற வேலையை அது மிச்சம் பண்ணியது. பெரிய கம்பெனி எதுவும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. தனி ஆளுக்கு அந்த இடம் போதும்.

சரி, நான் செய்த முதல் தப்பைச் சொல்கிறேன். நூலைக் கவுண்ட் வாரியாக வைத்தேன் (கவுண்ட் என்பது நூலின் பருமனைச் சொல்லும் எண்). 30 கவுண்ட், 34 கவுண்ட், 40 கவுண்ட், அதில் இத்தனை கிலோ என்று. டேட்டாபேஸ் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான்காவது வாடிக்கையாளர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்துவிட்டார். "தம்பி, லாட் நம்பர் எங்கே?" என்றார். லாட் என்றால் மில்லில் ஒரே தொகுதியாக நூற்ற நூல். ஒரே மில், ஒரே கவுண்ட் என்றாலும் இரண்டு லாட் நூலை ஒரே துணியில் கலந்துவிட்டால் கிரே துணியில், அதாவது சாயம் போடாத துணியில், ஒன்றும் தெரியாது. சாயம் ஏறி வந்த பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது முழுத் துணிக்கும் நிட்டிங்காரர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு ஸ்டாக் என்றாலே லாட்தான். கவுண்ட் அதன் மேல் ஒட்டியிருக்கிற ஒரு லேபிள். நான் அடித்தளத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். மூன்று மாத வேலையைக் கலைத்து மறுபடி எழுதினேன். மாமாவின் யூனிட்டில் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து, மூட்டை இறங்குவதிலிருந்து ரோல் ஏறுவது வரை பார்த்திருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சம். அதற்கப்புறம் எந்தப் புது வசதி என்றாலும் முதலில் போய் உட்காருகிறேன், பிறகுதான் கோட் எழுதுகிறேன்.

இரண்டாவது, எடை. ஒவ்வொரு ரோலும் இருபது கிலோவுக்குச் சற்று மேலே, தராசு கிராம் வரை காட்டும். நான் அதைப் புள்ளி எண்ணாகச் சேமித்து, அச்சில் இரண்டு இலக்கமாகச் சுருக்கினேன். ஐந்தில் முடிகிற எடைகள் சிலது மேலே போகும், சிலது கீழே இறங்கும். டிசியில் வரிகளைக் கையால் கூட்டினால் ஒன்று, அடியில் அச்சாகிற மொத்தம் இன்னொன்று. பத்து கிராம், இருபது கிராம்தான் வித்தியாசம். ஆனால் டையிங் ஆபீஸில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் அக்கா அதைக் கண்டுபிடித்து வண்டியையே நிறுத்திவிட்டார். அவர் செய்தது சரி. மொத்தமே தப்பு என்றால் அந்தக் காகிதத்தில் வேறு எதை நம்புவது? அன்றிலிருந்து எடை எல்லாம் கிராமில், முழு எண்ணாக. பணம் எல்லாம் பைசாவில். நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் நூல் எடை கூடும், வெயிலில் குறையும் என்பதும் இங்கே வந்துதான் கற்றேன். பருத்தி ஈரத்தை இழுக்கும். வணிகக் கணக்கில் 8.5 சதவீதம் ஈரம் வரை ஏற்றுக்கொண்ட அளவு. ஆகவே கழிவு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே எண்ணை சாஃப்ட்வேரில் பூட்டி வைக்கக் கூடாது. பார்ட்டிக்குப் பார்ட்டி பேசி முடிவு செய்ததைப் போடுகிற மாதிரி திறந்து விட்டேன்.

சட்டமும் ஒரு கை கொடுத்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய அன்றே விற்றதாக எடுத்துக்கொள்வார்கள் என்று ஆகிவிட்டது. யாருக்கு எவ்வளவு அனுப்பினோம், எவ்வளவு திரும்பியது என்று பார்ட்டி ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டும். அதுவரை நோட்டில் ஓடிக்கொண்டிருந்த கிலோ கணக்கு இப்போது ஆடிட்டருக்கும் தேவைப்பட்டது. என் சாஃப்ட்வேரில் அந்தப் பட்டியல் ஒரு பட்டனில் வந்தது. "உங்க நிட்டிங்காரர் குடுக்கிற மாதிரி லிஸ்ட் எல்லாரும் குடுத்தா நல்லாயிருக்கும்" என்று ஆடிட்டர் ஆபீஸில் ஒருவர் பார்ட்டியிடம் சொல்ல, பார்ட்டி மற்ற நிட்டிங்காரர்களிடம் சொல்ல, அப்படி வந்தவர்கள்தான் அதிகம். விளம்பரத்துக்கு நான் செலவு செய்ததே இல்லை. மெஷின் ஃபிட்டர்களும் நூல் புரோக்கர்களும் ஒரு நாளைக்குப் பத்து யூனிட் ஏறி இறங்குகிறவர்கள். அவர்கள் வாயில் உங்கள் பேர் இருந்தால் போதும்.

தொழில்நுட்பம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்டோஸில் ஓடும் ஒரே ஃபைல், உள்ளே எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ். கரண்ட் பட்டென்று போகிற ஊரில், பாதியில் நின்ற பதிவு டேட்டாபேஸைக் கெடுக்காமல் இருப்பதுதான் எனக்கு முக்கியம். எஸ்கியூலைட்டை எழுதுகிறவர்கள் 2050 வரை ஆதரவு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனி ஆளாக இருக்கிறவன் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிற பொருள்கள் மேல் வீடு கட்டினால், வாடிக்கையாளரைப் பார்க்க நேரம் இருக்காது.

விலையில் தடுமாறினேன். முதலில் ஒரு தடவை 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டு விட்டுவிட்டேன். இருபது பேர் சேர்ந்ததும் நாள் முழுக்க போன்தான், வருமானம் மட்டும் நின்றுவிட்டது. பிறகு வருடச் சந்தாவாக மாற்றினேன். பழையவர்களிடம் நேரில் போய், ஏன் என்று உட்கார்ந்து பேசினேன். மூன்று பேர் விலகினார்கள். மற்றவர்கள், "இதை நீ மொதல்லயே கேட்டிருக்கோணும்" என்றார்கள்.

வேண்டாம் என்று சொல்லப் பழகுவதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது. நல்ல வாடிக்கையாளர் ஒருவர், தம்பியின் டையிங் யூனிட்டுக்கும் இதையே கொஞ்சம் மாற்றித் தரச் சொன்னார். டையிங் வேறு உலகம். சாயக் கணக்கு, தண்ணீர், புராசஸ் லாஸ் (சாயம் போடும்போது குறையும் எடை), ஒவ்வொன்றும் தனிப் படிப்பு. ஒத்துக்கொண்டிருந்தால் இரண்டையும் அரைகுறையாகச் செய்திருப்பேன். இல்லை அண்ணா, எனக்குத் தெரியாத தொழில் என்று சொன்னேன். ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

தனி ஆள் என்றதும் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உனக்கு ஏதாவது ஆனா எங்க கணக்கு என்ன ஆகும்?" 2022-இல் டெங்குவில் ஒன்பது நாள் படுத்திருந்தேன், அப்போது எனக்கே அந்தக் கேள்வி வந்தது. இப்போது என் சாஃப்ட்வேர் நெட் இல்லாமலும் ஓடும், நான் இல்லாமலும் ஓடும். சந்தா முடிந்தாலும் பழைய கணக்கு திறக்கும், எல்லாம் எக்செல்லில் வெளியே வரும். என் பழைய ஆபீஸ் நண்பன் ஒருவனுக்கு வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்து, சாஃப்ட்வேரின் சோர்ஸ் கோட், குறிப்புகள் எல்லாவற்றையும் அவனிடம் வைத்திருக்கிறேன். இதைச் சொன்ன பிறகுதான் பெரிய யூனிட்டுகள் உள்ளே வந்தார்கள்.

வேலையை எப்போது விடுவது என்று கேட்டீர்கள். நான் முப்பத்தொன்றாவது யூனிட் சேர்ந்த மாதம் விட்டேன். அதுவரை சனி, ஞாயிறும் ராத்திரியும்தான். மனைவிக்குச் சம்பளம் இருந்தது, அது இல்லாமல் இவ்வளவு தைரியம் வந்திருக்காது. உங்களுக்கு அந்த வசதி இல்லையென்றால் ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அதற்கு முன்னால், சொந்தக்காரர் அல்லாத ஐந்து பேர் காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும். மாமா கொடுத்த காசை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் இன்றைக்கும் சந்தா கட்டுகிறார், வேண்டாம் என்றால் கோபப்படுகிறார்.